உப்புப் பார்க்காத மண்

போன மாதம் டெக்சாஸ் பிளானோவிலிருந்து நிவேதா அழைத்தாள். நான் ஓய்வு பெற்று வந்த கம்பெனியில் பழைய களப் படிவங்களை டேப்லெட்டுக்கு மாற்றுகிற வேலை இப்போது அவளுடையது. கெட்டிக்காரப் பெண். கேள்வி கேட்டால் பதில் வரும்வரை விடமாட்டாள்.

"அங்கிள், ஒரு சின்ன டவுட். நம்ம ஃபீல்டு ஷீட்ல பதினொண்ணாவது பாக்ஸ் 'கப் நம்பர்'னு இருக்கே, அது என்ன? பழைய ஷீட்ல எல்லாரும் ஃபில் பண்ணியிருக்காங்க. இப்ப யாருமே பண்றதில்ல. டெலீட் பண்ணிடலாமா?"

"அது என்னால வந்த பாக்ஸும்மா."

"ஓ, நீங்க டிசைன் பண்ணதா?"

"இல்ல, நான் பண்ண தப்புக்காக வெச்சது."

பிறகு, "ரெண்டு லைன்ல ஒரு மெயில் போட்டுடறீங்களா அங்கிள்? ரெக்கார்டுக்கு வேணும்," என்றாள். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். இரண்டு வரியில் சொல்கிற சமாசாரமாக அது இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். நிவேதாவுக்கு வேண்டியதை அவள் எடுத்துக்கொள்ளட்டும்.

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்டில் நான் முப்பது வருஷமாக இருக்கிறேன். மௌரி அவென்யூ மளிகைக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கும்போது அறிமுகமாகிற தமிழர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த கம்பெனி? ஜாவாவா, டேட்டாவா?" என்றுதான். "உறைஞ்ச மண்ணு," என்பேன். "அப்படின்னா?" "அலாஸ்காவுல கடலோரத்துல ஏரிக்கு அடியில மண்ணு உறைஞ்சிருக்கா இல்லையான்னு பார்க்கறது." அதற்குப் பிறகு வெண்டைக்காயைப் பற்றித்தான் பேச்சு. நான் யாரையும் குறை சொல்லவில்லை. தூத்துக்குடியில் பிறந்து, சென்னையில் பொறியியல் படித்து, டெக்சாஸில் மேல்படிப்பு முடித்து, எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்து, ஆட்குறைப்பில் வெளியே வந்து, கிடைத்த வேலையில் ஒட்டிக்கொண்டவன் நான். எனக்கே அந்த வேலை என்னவென்று புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. வடகோடிக் கடற்கரையில் நிலம் வருஷம் முழுக்க உறைந்தே கிடக்கும். மேலே ஒரு சாண், இரண்டு சாண் மட்டும் கோடையில் இளகும். அந்த நிலத்தின்மேல் ஆயிரக்கணக்கில் ஏரிகள். குளிர்காலத்தில் ஏரியின் மேல் ஓர் ஆள் உயரத்துக்குப் பனிக்கட்டி கட்டும். ஏரி அதைவிட ஆழமானால் அடியில் தண்ணீர் தண்ணீராகவே நிற்கும். அந்தத் தண்ணீரின் இளஞ்சூடு கீழே உள்ள மண்ணை வருஷக்கணக்காக, கொஞ்சங் கொஞ்சமாக உருக்கும். உறைந்த நிலத்துக்கு நடுவே உருகிய மண் ஒரு கிண்ணம்போல இருக்கும். ஏரி ஆழமில்லாததானால் பனிக்கட்டி தரையைத் தொட்டு உட்கார்ந்து, அடி மண்ணை இன்னும் கெட்டியாக உறைய வைக்கும்.

கடல் கரையைத் தின்றுகொண்டே வந்து ஒருநாள் ஏரியின் விளிம்பை உடைத்துவிடும். ஏரி காயலாகிவிடும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. உள்ளே வந்த கடல்நீர் குளிர்காலத்தில் உறையும்போது, பனிக்கட்டி தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு உப்பை வெளியே தள்ளும். எங்கள் ஊர் உப்பளத்தில் வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுவைக்கிறதல்லவா, அதே கணக்குதான், வெயிலுக்குப் பதில் குளிர். மிச்சமாகிற உப்புநீர் கடலைவிடக் கடுத்துப்போய், கனத்து, அடியில் இறங்கி மண்ணுக்குள் ஊறும். அப்படி ஊறிய மண் பூஜ்யத்துக்குக் கீழே போனாலும் உறையாது. தெர்மாமீட்டர் மைனஸ் இரண்டரை காட்டும். மண் சேறாக இருக்கும். அதே காயலில் நூறு தப்படி தள்ளி, பனிக்கட்டி தரையைத் தொடுகிற மேட்டில், மண் பாறையாக இருக்கும். மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே வெள்ளை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹெலன், எங்கள் குழுத் தலைவர். சொல்லிக்கொடுத்தார் என்பதுகூடச் சரியில்லை. செய்யச் சொல்வார், தப்பாகச் செய்தால் "மறுபடியும்" என்பார். பாராட்ட மாட்டார், திட்டவும் மாட்டார். உயரமான, ஒல்லியான பெண்மணி. குளிரில் பேனா மை உறைந்துவிடும் என்பதால் பென்சில்தான். ஆனால் ரப்பருக்குத் தடை. தப்பாக எழுதினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் பெயரின் முதலெழுத்து போட வேண்டும். நோட்டிலும் படிவத்திலும் இடது பக்கம் கண்ணால் பார்த்தது, வலது பக்கம் மனதில் தோன்றியது. இரண்டையும் கலந்து எழுதினால் அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். நான் முதல் வருஷம் பூராவும் அவரை "மேடம்" என்றேன். "ஹெலன்" என்று திருத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார்.

மண் எடுக்கிற முறை இது. பனிக்கட்டியில் துளை போட்டு, குழாயை இறக்கி, நீளமாக மண்ணை எடுப்போம். அதை ஒரு சாண் அளவுக்கு வெட்டிப் பையில் போட்டு எண் எழுதுவோம். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கரண்டியளவு சுரண்டிக் கூடாரத்துக்குள் ஸ்டீல் கப்பில் உருக்கி, சேறு அடியில் தங்கியதும் மேல் தண்ணீரில் மீட்டரை வைத்து உப்பு பார்ப்போம். அதோடு ஹெலன் ஒரு காரியம் செய்வார். சுண்டு விரலை அந்தத் தண்ணீரில் முக்கி நாக்கில் வைத்துக்கொள்வார். துப்பிவிட்டு, "நன்னீர்," அல்லது "உப்பு," என்பார். நான் எழுதுவேன்.

"மீட்டர் இருக்கே, மேடம்," என்று ஒருதரம் கேட்டேன்.

"மீட்டர் குளிர்ல பொய் சொல்லும். நாக்கும் பொய் சொல்லும். ரெண்டும் ஒரே பொய்யைச் சொல்லாது," என்றார்.

இன்றைக்கு இதைச் செய்தால் பாதுகாப்பு அதிகாரி வந்து வேலையை நிறுத்திவிடுவார். அன்றைக்கு அதுதான் முறை.

எனக்கு அது ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் சமைக்கும்போது அம்மா உப்புப் பார்க்கமாட்டாள். சாமிக்குப் படைக்கிற முன்னால் நாக்கில் வைத்தால் எச்சில். வாசனையிலும் கொதியிலும் கண்டுபிடித்துவிடுவாள், ஒருநாளும் தப்பாது. தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். ஒருவர் வாய் வைத்த டம்ளரை இன்னொருவர் தொடுவதில்லை. காலேஜ் ஹாஸ்டலிலும் டெக்சாஸிலும் என்னென்னவோ மாறினேன், இது மட்டும் மாறவில்லை. அந்தக் குழுவில் இருந்ததோ ஒரே கப். ஹெலன் விரலை முக்கி, நாக்கில் வைத்து, அதே விரலை மறுபடி முக்குவார். எங்கள் வழிகாட்டி டோரா அதே கப்பைக் கழுவாமல் தேநீருக்கும் எடுத்துக்கொள்வாள். நான் மீட்டரை மட்டும் பிடித்துக்கொண்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருப்பேன்.

டோராவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கடற்கரைக் கிராமத்துக்காரி, என் வயதுதான் இருக்கும். கரடி வந்தால் பார்த்துக்கொள்ளத் துப்பாக்கியோடு எங்களுடன் வருவாள். பனி வண்டி ஓட்டுவாள். மற்ற நாளில் கிராமத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் காவல் காப்பது அவள் வேலை. பள்ளிக்கூடம், வீடுகள், மின்சாரம் எல்லாம் அந்த எண்ணெயில்தான். தொட்டிகள் இருந்த கரையைக் கடல் அரித்துக்கொண்டு வந்தது. அவற்றை எங்கே மாற்றுவது என்று சொல்லத்தான் அந்த ஏப்ரலில் எங்களை அழைத்திருந்தார்கள். கிராமம் காட்டிய இடம் ஒரு காயலின் ஓரம், முன்பு ஏரியாக இருந்தது. அந்தக் காயலில்தான் டோராவின் குடும்பம் மீன்வலை போடும்.

உறைந்த மண்ணில் தூண் நிற்பது குச்சி ஐஸில் குச்சி நிற்பது மாதிரி. கெட்டியாக இருக்கிறவரை அசையாது. மண்ணில் உப்பு ஊறியிருந்தால் தூண் மெல்ல மெல்ல இறங்கும், தொட்டி சாயும், எண்ணெய் காயலில் போகும்.

முதல் துளை சுத்தமான உறைந்த மண். ஹெலன் நாக்கில் வைத்து "நன்னீர்" என்றார். மறுநாள் இரண்டாவது துளை, எண்பது தப்படி தள்ளி. அன்றைக்கு ஹெலனும் டோராவும் காயலின் வாய்ப்பக்கம் அளவெடுக்கப் போய்விட்டார்கள். துளை போடுகிற இரண்டு பேரும் நானும்தான். மண்ணைக் குழாயோடு எடுத்து வண்டியில் அடுக்கினோம். வெளியே மைனஸ் இருபதுக்குக் கீழ். நாங்கள் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அடுக்கிய மண் அத்தனையும் கல்லாகிவிட்டது. துளைக்குள் இறக்கிய தெர்மாமீட்டர் கம்பி மைனஸ் இரண்டரை காட்டியது. கூடாரத்தில் கப்பில் உருக்கினேன். மீட்டரை வைத்தேன். திரையில் ஒன்றும் வரவில்லை. பேட்டரியைக் கக்கத்தில் வைத்துச் சூடாக்கிப் போட்டேன். அப்போதும் வரவில்லை.

கப்பைப் பார்த்தேன். விளிம்பில் டோரா காலையில் குடித்த தேநீரின் கறை இருந்தது. விரலை முக்கினேன். வாய் வரைக்கும் கொண்டுபோனேன். குமட்டிக்கொண்டு வந்தது. விரலைக் கால்சட்டையில் துடைத்துவிட்டேன்.

நேற்றைய துளை நன்னீர். இது எண்பது தப்படி. மண் கல்லாக இருக்கிறது. கம்பி மைனஸ் காட்டுகிறது. பின்னே என்ன? படிவத்தில் "உறைந்தது, நன்னீர்" என்று எழுதினேன். வலது பக்கம் எழுத வேண்டியதை இடது பக்கம் எழுதினேன். சாயங்காலம் ஹெலன் வந்து, "இரண்டாவது?" என்றார். "நன்னீர், மேடம்." தலையாட்டினார். அவர் என்னை அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று வாரம் கழித்து ஃப்ரீமான்ட் அலுவலகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். காயலின் குறுக்கே கம்பிகளை அடித்து மின்சாரம் செலுத்தியும் பார்த்திருந்தோம். உறைந்த மண் மின்சாரத்தை விடாது, உப்புச் சேறு தாராளமாக விடும். அந்த அளவுகளைப் படமாக வரைந்தபோது முதல் துளைப் பக்கம் அழகாக வந்தது. இரண்டாவது துளைப் பக்கம் வரும்போது மண்ணின் மின்தடை அளவு சடாரென்று விழுந்தது. கம்பி சரியாகப் பதியாவிட்டாலும் படம் இப்படிக் கெடுவதுண்டு. ஹெலனிடம் காட்டினேன். "ஷீட்டில் நன்னீர் என்று இருக்கிறதே. அப்படியானால் கம்பிக் கோளாறு. அந்த நுனியைத் தள்ளிவிடுங்கள்," என்றார். அறிக்கை வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டும். கோடையில் வருகிற படகில் தூண்களை ஏற்ற ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது.

அன்றைக்குப் புதன். மண் பைகள் எல்லாம் அலுவலகத்தின் பின்னால் குளிர் அறையில் இருந்தன. மத்தியான வேளையில் சாவி வாங்கிக்கொண்டு போய், இரண்டாவது துளைப் பையைப் பிரித்து, ஒரு துண்டை உடைத்து, என் சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வைத்து வெயிலில் உருக்கினேன். இந்தமுறை மூடி என்னுடையது. விரலை முக்கி நாக்கில் வைத்தேன்.

உப்பு. வெறும் உப்பில்லை, கசப்பும் சேர்ந்த உப்பு. உப்பளத்தில் உப்பு வாரிய பிறகு பாத்தியில் நிற்கிற மிச்சத் தண்ணீர் அப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் பந்தயத்துக்குக் குடித்து வாந்தி எடுத்திருக்கிறேன். உப்பு விளைகிற ஊரில் பிறந்தவன், உப்பைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் என் மனைவி செல்வி பார்த்துவிட்டாள்.

"ஏங்க, முகமே சரியில்லையே. ஆபீஸ்ல என்ன?"

சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

"இப்ப சொன்னா என்னாகும்?"

"பார்க்காததைப் பார்த்தேன்னு எழுதியிருக்கேன். வேலையை விட்டுத் தூக்கினா கேட்க முடியாது. கிரீன் கார்டு பேப்பர் இப்பத்தான் ஃபைல் பண்ணியிருக்காங்க. கம்பெனி இல்லன்னா அதுவும் இல்ல. நாம மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்."

"பென்சில்லதானே எழுதினீங்க? நன்னீரை அழிச்சிட்டு உப்புன்னு எழுதிட்டா?"

அந்த யோசனை எனக்கும் வந்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன். மேஜையில் மகளுடைய ரப்பர் கிடந்தது. ஒரு நிமிஷ வேலை. மண் உப்புதான், அதனால் எழுதுவதும் பொய்யாக இருக்காது.

"ஹெலன் நாளைக்கே கேட்பாங்க, முதல்ல நன்னீர்னு சொன்னியேன்னு."

"கேட்கலைன்னா?"

செல்வி அடுப்பை அணைத்தாள். "அந்த டோரா மீன் பிடிக்கிற எடம்னு சொன்னீங்களே," என்றாள். பிறகு, "மூட்டை கட்டறதுன்னா கட்டுவோம். தூத்துக்குடி எங்கயும் போயிடல. நாளைக்குக் காலையில மொதல் வேலையா போய்ச் சொல்லிடுங்க," என்றாள். அன்றைக்கு அவள் வேறு மாதிரி சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காலையில் ஹெலனின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உட்காரவில்லை. "மேடம், இரண்டாவது துளையில் நான் உப்புப் பார்க்கவில்லை. மீட்டர் வேலை செய்யவில்லை. பார்த்ததாக எழுதிவிட்டேன். நேற்று பையைப் பிரித்துப் பார்த்தேன். உப்பு."

அவர் பென்சிலை மேஜையில் வைத்தார். "அன்றைக்கு நான் எங்கே இருந்தேன்?"

"காயலின் வாயில்."

"ஷீட்டைக் கொண்டு வாருங்கள்."

கொண்டுவந்தேன். அவர் அதை என் பக்கம் திருப்பி, பென்சிலை நீட்டினார். "நன்னீர்" என்பதன்மேல் ஒற்றைக் கோடு போட்டேன். பக்கத்தில் "உப்பு" என்று எழுதி, என் பெயரின் முதலெழுத்தைப் போட்டேன். அந்த எழுத்து கோணலாக விழுந்தது. நிவேதா ஸ்கேன் பண்ணியதில் அந்தத் தாளும் இருக்கும்.

"மீட்டர் போனால் நாக்கு இருக்கிறதே. ஏன் பார்க்கவில்லை?"

இதற்கு என்ன சொல்வது? எச்சில் என்பதற்கு ஆங்கிலத்தில் வார்த்தை கிடையாது. உமிழ்நீர் என்றால் அது பாதிதான். சாமிக்குப் படைப்பதில் ஆரம்பித்து, அம்மாவின் சமையல், அண்ணாந்து குடிப்பது, ஒரே கப், தேநீர்க் கறை என்று உளறிக் கொட்டினேன். இத்தனை பெரிய தப்புக்கு இத்தனை சின்னக் காரணமா என்று சொல்லும்போது எனக்கே கேவலமாக இருந்தது.

ஹெலன் முழுக்கக் கேட்டார். "இரண்டு வருஷமாக நான் அந்தக் கப்பில் விரலை விட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை."

"எப்படிச் சொல்வது, மேடம்?"

"இன்னொரு கப் வேண்டும் என்று சொல்வது."

அவ்வளவுதான். பிறகு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். "உங்கள் கிரீன் கார்டு பேப்பரில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைத் திரும்ப வாங்கப் போவதில்லை. ஆனால் கிராமத்தில் போய் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் வாயால் சொல்லமாட்டேன்," என்றார்.

வாடிக்கையாளருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் பின்னால் கோப்பில் பார்த்தேன். இரண்டாவது துளையின் பதிவு தவறு, அந்த இடம் தகுதியற்றது என்று எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி: "களத்துக்குப் போதுமான பாத்திரங்கள் கொண்டு செல்லப்படவில்லை. பொறுப்பு: குழுத் தலைவர்." என் பெயர் அதில் எங்கும் இல்லை. அந்த வரியை நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன்.

மே முதல் வாரம், பனி இளகுவதற்குள், திரும்பப் போனோம். பள்ளிக்கூட ஹாலில் முப்பது பேர் இருந்தார்கள். நான் எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன். அந்த இடத்தில் தூண் நிற்காது, வேறு மேட்டில் துளை போட வேண்டும், இந்தக் கோடைக்குள் தொட்டியை மாற்ற முடியாது, ஒரு வருஷம் தள்ளிப்போகும், அதற்குக் காரணம் நான் என்று சொன்னேன். டோராதான் கேட்டாள்.

"அப்ப இந்த இலையுதிர்காலப் புயலுக்கும் தொட்டி அங்கேயேதான் இருக்குமா?"

"ஆமாம்."

"நான்தான் காவல்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. வேலையைக் குறித்துவைத்துக்கொள்கிற மாதிரி சொன்னாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

அந்த இலையுதிர்காலம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடல் உறைவதற்கு முன்னால் வருகிற புயல்தான் கரையைத் தின்னும். அந்த வருஷம் கடல் உறையத் தாமதமாயிற்று. டோரா ஊர்க்காரர்களைக் கூட்டி எண்ணெயைப் பீப்பாய்களுக்கு மாற்றி மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். தினம் காலையில் அலுவலகத்துக்குப் போனதும் அவளுக்கு ஃபோன் செய்வேன். "இன்னிக்கு இருபது தப்படி," என்பாள். இன்னொரு நாள் "பதினாலு." புயல் ஓய்ந்த அன்று தொட்டிக்கும் கடலுக்கும் நடுவே ஆறு தப்படி இருந்தது. வேலி போய்விட்டது, தொட்டி நின்றது. நான் ஃபோனை வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய் அழுதேன். வெட்கமாக இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த கோடையில் தொட்டிகள் மேட்டுக்குப் போயின. மண் எடுத்த ஒவ்வொரு துண்டிலும் மீட்டரும் பார்த்தோம், நாக்கும் பார்த்தோம், என் நாக்கும் சேர்த்து. இதற்கு வழி செய்தவள் செல்வி. அந்த வருஷம் ஊரிலிருந்து வந்த அவள் அம்மாவிடம் சொல்லி ஆறு எவர்சில்வர் டம்ளர் வரவழைத்தாள். பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருவார்களே, அதேபோல ஒன்று முதல் ஆறு வரை எண் வெட்டியிருந்தது. ஹெலனிடம் கொடுத்தேன். ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஒன்றாம் எண்ணை எடுத்துக்கொண்டார். "இரண்டு உங்களுக்கு," என்றார். அடுத்த வாரம் வந்த புதுப் படிவத்தில் பதினோராவது கட்டம் இருந்தது: கப் எண். யார் நாக்கில் வைத்தார்கள், வைத்தார்களா என்பது அதில் தெரிந்துவிடும். காலியாக விட்டால் "மறுபடியும்" என்பார்.

அடுத்த இருபது வருஷம் எத்தனையோ காயல்களைப் பார்த்துவிட்டேன். கிரீன் கார்டு வந்தது, வீடு வந்தது, மகள் கல்லூரிக்குப் போனாள். ஒவ்வொன்றிலும் ஹெலன் திரும்ப வாங்காத அந்தக் கையெழுத்து இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. கடைசியில் பார்க்கப் போனபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன். "மேடம்" என்று ஆரம்பித்ததுமே, "ஹெலன்," என்று திருத்தினார். பேச்சு அங்கேயே நின்றுபோயிற்று.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஏப்ரலில் அந்தக் கிராமத்துக்கு ஒருதரம் போனேன். முதலில் தேர்ந்தெடுத்த காயல் ஓரத்துக்கு டோரா என்னை வண்டியில் கூட்டிப்போனாள். இரண்டாவது துளையின் அடையாளத்துக்கு அன்றைக்கு நட்ட இரும்புக் குழாய் இன்னும் இருந்தது. பாதிக்குமேல் இறங்கி, கடல் பக்கம் சாய்ந்துகிடந்தது. தூரத்தில் மேட்டில் தொட்டிகள் நேராக நின்றன. காயலில் பனியைத் துளைத்து அவளுடைய பேரன்கள் வலை போட்டிருந்தார்கள்.

டோரா பிளாஸ்கைத் திறந்து மூடியில் தேநீர் ஊற்றினாள். ஒரு வாய் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "எச்சில்," என்றாள். அந்த வார்த்தை எங்கள் குழு முழுவதற்கும் தெரியும். அவள் உச்சரிப்பில் அது வேறு மொழி மாதிரி இருக்கும். "உன் டம்ளர் எங்கே?"

"ஃப்ரீமான்ட்ல இருக்கு."

இரண்டு கையாலும் மூடியை வாங்கினேன். வாய் வைத்துக் குடித்தேன்.